தோட்டமும் தோட்டக்காடும்

பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்தில் தோட்டம் என்றால் கிணறு உள்ள நிலம். மழையை நம்பிக் கிடப்பது காடு. கிணறு வெட்டி இறைப்பது தோட்டம். காடு நம் சனங்களில் சிலருக்கு உண்டு. தோட்டம் பெரும்பாலும் அடுத்தவருடையது. "தோட்டத்துக்குப் போயிருக்கான்" என்று சேரியில் சொன்னால் கூலிக்குப் போயிருக்கிறான் என்று அர்த்தம். அதே தாலுகாவிலிருந்து மலையேறிக் கொடைக்கானல் போகும் சுற்றுலாக்காரர்களுக்குத் தோட்டம் என்றால் பூ, புல்வெளி, நின்று படம் எடுக்கும் இடம். இலங்கையில் இந்தச் சொல்லுக்கு மூன்றாவது அர்த்தம். அங்கே தோட்டம் என்றால் தேயிலை. அதில் வேலை செய்தவர்களுக்குப் பிற தமிழர்கள் வைத்த ஏளனப் பெயர் 'தோட்டக்காட்டான்'. ஒப்பந்தத்தின் பேரில் 1970களில் கப்பலேறித் திரும்பி வந்தவர்களுக்கு நாம் வைத்த பெயர் 'சிலோன்காரன்'. அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். எந்த மண்ணிலும் அவன் பெயர் வேறொரு மண்ணின் பெயராகவே இருந்திருக்கிறது.

என் தாத்தாவின் அண்ணன் 1920களில் தனுஷ்கோடி வழியாகக் கடல் தாண்டியவர். அவர் வழி வந்தவர்கள் இன்றும் நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார்கள். 2024 ஜனவரியில் பொங்கல் அங்கே திங்கட்கிழமை விழுந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் விடுமுறை. "வாப்பா, இங்க வந்தா ஊரு சுத்திக் காட்டுறோம்" என்றார் பெரியப்பா. சுற்றுலா வருகிறவர்கள் பார்க்கும் இடங்களையெல்லாம் தானும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கே இருந்தது. நாற்பது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர், ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் பேராதனைப் பூங்காவை ஒரே ஒருமுறை, பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது பார்த்ததோடு சரி.

முதலில் கொழும்பு தேசிய அருங்காட்சியகம். விமான நிலையத்துக்கு வந்திருந்த அக்கா மகன் அங்கேயே ஒரு கடையில் வேலை பார்க்கிறான். அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். 1877 ஜனவரி 1ல் திறந்த வெள்ளைக் கட்டடம். ஆளுநர் வில்லியம் கிரெகரி கட்டியது. பொலன்னறுவையில் கிடைத்த சோழர் காலச் செப்புத் திருமேனிகள் அங்கே இருக்கின்றன. பார்க்கப் பார்க்கச் சலிக்காத வேலைப்பாடு, அதில் சந்தேகமில்லை. ஆனால் கூட்டம் நிற்பது கண்டி அரசர்களின் சிம்மாசனத்துக்கு முன்னால். 1693ல் டச்சுக்காரர்கள் கொடுத்தது. 1815ல் கண்டி விழுந்தபோது ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், 1934ல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஆசனத்தில் கடைசியாக இருந்த நான்கு ராசாக்கள், 1739லிருந்து, மதுரை நாயக்கர் உறவுக்காரர்கள். கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம ராசசிங்கனை 1816ல் வேலூருக்கு நாடு கடத்தினார்கள். 1832ல் அங்கேயே செத்தார். வேலூரில் அவருக்கு நினைவிடம் உண்டு.

ஆக, மதுரைச் சீமையிலிருந்து இலங்கைக்குப் போனவர்கள் இரண்டு வகை. ஒரு வகை பெண் கொடுத்து, மருமகனாகி, ராசாவாகி, கடைசியில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் உட்கார்ந்த நாற்காலி எந்த வருடம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று தெரியும். அந்த ராசா நாடு கடத்தப்பட்டுப் பத்து வருடம் ஆவதற்குள் இரண்டாவது வகை போகத் தொடங்கியது. அவர்கள் உட்கார்ந்த பலகைக்குக் கணக்கில்லை. அவர்களே எத்தனை பேர் என்பதற்கும் சரியான கணக்கில்லை.

(இந்த இடத்தில் ஆனந்த குமாரசுவாமியையும் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. மலைநாட்டுக் கைவினைஞர்களைப் பற்றி 1908ல் பெரிய புத்தகம் போட்டார். பரம்பரைத் தொழிலும் சாதிக் கட்டுக்கோப்பும் கலையைக் காப்பாற்றின என்பது அவர் கட்சி. அதே மலைகளில் அதே வருடம் லட்சக்கணக்கான நம் சனங்கள் லயங்களில் அடைந்து கிடந்தார்கள். பரம்பரைத் தொழில் அவர்களுக்கும் இருந்தது. அது எந்தக் கலையையும் காப்பாற்றவில்லை.)

அடுத்து ஞாயிற்றுக்கிழமை பேராதனை. வாசலிலேயே ஒரு வேடிக்கை. உள்நாட்டவருக்கு ஒரு சீட்டு, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு விலையில் வேறு சீட்டு. ஒரே குடிசையில் பிறந்த அண்ணன் தம்பி வம்சம் இரண்டு வரிசையில் நின்றது. பெரியப்பா சிரித்தார்: "நாப்பத்தெட்டுல எங்களத்தான் வெளிநாட்டான்னாங்க. இன்னிக்கு ஒன்னிய சொல்றான்." அவர் சொன்னது 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம். ஒரே சட்டத்தில் ஏறக்குறைய ஏழெட்டு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு; மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, 1974ல் இந்திரா காலத்தில் பாதிக்குப் பாதி வகுந்தார்கள். வாழைத்தார் வகுப்பதுபோல. சம்பந்தப்பட்ட சனங்களை யாரும் கேட்கவில்லை.

பேராதனை 1821ல் அலெக்சாண்டர் மூன் என்பவர் கையில் அரசாங்கத் தோட்டமானது. அதற்கு முன் கண்டி ராசாக்களின் இடம். மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைந்து ஓடுகிறது, 147 ஏக்கர். பனை போல நெட்டையாக நிற்கும் மரங்களின் சாலை, தொங்குபாலம், ஒரு ஊரே நிழலுக்கு ஒதுங்கக்கூடிய ஜாவா அத்தி. விடுமுறை நாள், நல்ல கூட்டம். சனங்கள் சோற்றுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அழகான இடம்தான். நான் அழகுக்கு விரோதி இல்லை. பெரியப்பா மட்டும் அந்த மரச்சாலையைப் பார்த்துவிட்டு, "இதக் கூட்டி அள்றதுக்கு எத்தன பேரு பிரட்டுல நிக்கணுமோ" என்றார். பிரட்டு என்பது காலையில் ஆளெண்ணும் இடம்.

இந்த மாதிரித் தோட்டங்கள் பார்ப்பதற்காக உண்டானவை அல்ல. எந்தப் பயிரை எந்த மலையில் வைத்தால் காசாகும் என்று சோதிக்க உண்டானவை. பேராதனையில் சீனத் தேயிலை 1824லேயே வந்துவிட்டது; அசாம் விதை 1839ல். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலைத் தோட்டம் 1861ல் சிங்கோனாவுக்காகத் தொடங்கியது. காய்ச்சல் மருந்துக்கான பட்டை. 1876 ஆகஸ்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1,919 ரப்பர் கன்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேறின. வழியில் வாடாமல் பார்த்துக்கொள்ள ஒரு தோட்டக்காரரையும் கூடவே அனுப்பினார்கள். பத்தில் ஒன்பது பிழைத்து வந்தன. அவற்றை வைக்கத்தான் ஹெனரத்கொடைத் தோட்டம்.

அந்த 1876 நமக்கு வேறு வருடம். தாது வருசப் பஞ்சம். மதுரை, சேலம், திருச்சிச் சீமைகளிலிருந்து சனங்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்கு நடந்த காலம். தொண்டியிலோ ராமேசுவரத்திலோ பாய்க்கப்பல், தோணி. மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுக்குள் நடை. காலரா, மலேரியா, பட்டினி. விழுந்தவர்களைப் போட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் செத்திருக்கலாம் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகை ஒன்று எழுதியது. அது கூடுதல் என்று பின்னால் வந்தவர்கள் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். 1,919 என்று கடைசிக் கன்று வரை எண்ணத் தெரிந்த அரசாங்கம் அது. மனிதரை எண்ணத் தெரியாமல் இல்லை.

பேராதனையில் மரங்களுக்குப் பெயர்ப்பலகை உண்டு. லத்தீன் பெயர், குடும்பம், எந்த நாடு. சில மரங்களுக்குக் கூடுதலாக நட்டவர் பெயரும் உண்டு. 1901ல் வந்த இங்கிலாந்து இளவரசர் (பிறகு ஐந்தாம் ஜார்ஜ்) நட்ட நாகலிங்க மரம். 1961ல் யூரி ககாரின் நட்ட மரம். விண்வெளிக்குப் போன தொழிலாளி வீட்டுப் பிள்ளை வந்து ஒரு கன்று வைத்தது எனக்குச் சந்தோசம்தான். ஆனால் குழி தோண்டி, மண் இட்டு, இத்தனை வருடம் தண்ணீர் விட்டவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். 1823லிருந்து முப்பத்தெட்டு வருடம் இந்தத் தோட்டத்தில் செடிகளைப் படமாக வரைந்தவர் ஹர்மானிஸ் த அல்விஸ் என்ற சிங்களர். அவர் பெயரும், பின்னால் வரைந்த மக்கள் பெயரும் வரலாற்றில் நின்றிருக்கின்றன. செடியை வரைந்த கைக்குப் பெயர் கிடைத்தது. நட்ட கைக்குக் கிடைக்கவில்லை.

இது இலங்கைக்கு மட்டும் உள்ள குணமா என்றால் இல்லை. பழனி மலையின் மேலேயே பாருங்கள். கொடைக்கானல் ஏரிக்கு மதுரைக் கலெக்டர் லெவிஞ்சின் பெயரைச் சொல்கிறார்கள், 1863. பூங்காவுக்கு வன அதிகாரி பிரயண்ட் பெயர், 1908. செண்பகனூரில் 1895ல் வந்த யேசு சபைக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் பூச்சி, பறவை, பாம்பு எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறது. ஆர்க்கிட் செடிகள் நூற்றுக்கணக்கில். பழனி மலையின் கல்திட்டைகளைப் பற்றி ஆங்லேட் பாதிரியாரும் நியூட்டனும் எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928ல் வெளியிட்டது. நல்ல வேலை, அவர்கள் செய்யாவிட்டால் அதுகூடக் கிடைத்திருக்காது. ஆனால் மோட்டார் சாலை வருவதற்கு முன் துரைகளையும் துரைசானிகளையும் நாற்காலியில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு பெரியகுளம் பக்கமிருந்து செங்குத்தாக ஏறினார்களே, அவர்கள் யார்? அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்றுதான் பெயர். ஒரு மலைப்பாதைக்குப் பெயராகும் அளவுக்கு அவர்கள் நடந்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் எழுதி வைக்கப்படவில்லை. அதே மலைக்கு, 1964 ஒப்பந்தத்தில் திரும்பி வந்த நம் சனங்களில் ஒரு பகுதி வாட்டில் மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் போய், ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமையாகச் சிக்கிக் கிடந்தது 1980களில் வெளியே வந்தது. பூங்காவிலிருந்து கொஞ்ச தூரந்தான்.

கண்டிக்கு மேலே ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம். 1925ல் கட்டிய பழைய தொழிற்சாலை. 2001ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சனிக்கிழமை போனோம். உருட்டும் எந்திரம், உலர்த்தும் எந்திரம், ஒவ்வொன்றும் துடைத்து வைத்திருக்கிறது. ஜேம்ஸ் டெய்லரின் பொருட்கள் இருக்கின்றன. 1867ல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் முதன்முதலாக வியாபாரத்துக்குத் தேயிலை வைத்த ஸ்காட்லாந்துக்காரர். 1892ல் அவர் இறந்தபோது உடம்பு கனமாக இருந்ததால் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இருபத்துநாலு பேர் மாறி மாறிக் கண்டி வரைக்கும் சுமந்தார்கள் என்றும், அவரை அவர்கள் 'சாமி தொரை' என்று கூப்பிட்டார்கள் என்றும் எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. பிணத்தின் எடைகூட எழுதியிருக்கிறது. சுமந்த இருபத்துநாலு பேரில் ஒருவர் பெயர் இல்லை. பெரியப்பா எந்திரங்களை வெகுநேரம் தடவிப் பார்த்தார். அக்கா கேட்டாள்: "கொழுந்துக் கூட எங்க?" இருந்தது. யாருடைய முதுகில் இருந்தது என்பதுதான் இல்லை. நாங்கள் போன அந்த மாதம் அந்த முதுகுக்கு நாட்கூலி 1,000 ரூபாய். அந்த ஆயிரத்துக்காக வருடக்கணக்கில் போராடி 2021ல்தான் அரசிதழில் வந்தது.

கம்பளையில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலாக்காரர்கள் அதிகம் வருவதில்லை. பழைய பீகொக் தோட்டத்தில், லயத்தையே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். கண்டியில் உள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007ல் தொடங்கியது. லயம் என்றால் அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள். ஒரு அறை, முன்னால் ஒரு ஒட்டுத் திண்ணை, அதில் அடுப்பு. ஒரு அறைக்கு ஒரு குடும்பம், சில நேரம் இரண்டு. உள்ளே பாத்திரம், கத்தி, நகை, இசைக்கருவி, பழைய காகிதங்கள். எல்லாம் நம் வீட்டில் அட்டாலியில் கிடப்பவைதான். பெரியப்பாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, "இதயெல்லாமா வந்து பாப்பாங்க?" பிறகு பேச்சில்லை.

இடமும் பொருத்தமான இடம். 1823ல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில்தான் ஜார்ஜ் பேர்ட் என்ற துரை கோப்பித் தோட்டம் போட்டான். தமிழகத்திலிருந்து முதலில் வந்தவர்கள் பதினான்கு பேர் என்று சொல்வார்கள். அந்த இருநூறாவது வருடத்தை நினைத்து 2023 சூலைக் கடைசியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியிலேயே, சனங்கள் நடந்தார்கள். அக்கா கடைசி இரண்டு நாள் நடந்திருக்கிறாள். அவள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். "இந்தியத் தமிழர்னு சொல்லாதீங்க, மலையகத் தமிழர்னு சொல்லுங்க" என்பது அவர்களின் கோரிக்கை. நியாயமான கோரிக்கை.

அங்கே ஒரு சண்டை வந்தது. சண்டை என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் கேட்டது இதுதான்: இந்த லயத்தில் யார் இருந்தார்கள்? எல்லா லயமும் ஒன்றில்லை. கங்காணி பெரும்பாலும் குடியானச் சாதி. அவன் ஊரில் போய்ப் பிடித்த ஆள் பெரும்பாலும் பள்ளர், பறையர், சக்கிலியர். வீட்டுக் கடன், வழிச்செலவு எல்லாம் 'துண்டு' என்ற சீட்டில் ஏறி, 1921ல் அந்த முறையை ஒழிக்கும்வரை ஆளை விற்கவும் வாங்கவும் பயன்பட்டது. ஊரில் இருந்த தெரு பிரிவினை கப்பலில் கூடவே வந்தது. பெரியப்பாவே வழியில் சொல்லியிருந்தார்: "குடியான லயம் மேல. நம்ம லயம் கீழ. பீலித் தண்ணி மேலருந்துதான் வரும். அவுங்க புடிச்ச பெறகு நாம. கோயில்ல தப்படிக்க மட்டும் நம்ம ஆளு முன்னாடி." ஆங்கிலத்தில் இதை ஆராய்ந்து எழுதியவர்கள் உண்டு. ஆனால் தமிழில் தோட்ட வரலாற்றை எழுத உட்காரும் பலரும் 'பஞ்சத்தால் புலம்பெயர்ந்த ஏழைத் தமிழர்' என்று எழுதி அந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். ஏழைத் தமிழர் என்பதில் பண்ணையாரின் கடன்காரனும் இருக்கிறான், அவனைக் கூட்டிக்கொண்டு போய் வட்டி பார்த்த கங்காணியும் இருக்கிறான்.

அக்கா விடவில்லை. "ஒனக்கென்னப்பா, நீ திங்கக்கெழம போயிருவ. எங்கள சிங்களவன் தமிழன்றான். யாழ்ப்பாணத்தான் தோட்டக்காட்டான்றான். இருக்கிறவங்க ஒன்னாச் சேந்து இப்பத்தான் ஒரு பேரு எடுத்திருக்கோம். அதுக்குள்ள மேல் லயம் கீழ் லயம்னு பிரிக்கச் சொல்றியா?"

"நான் பிரிக்கல. பிரிச்சுதான் கட்டியிருக்கான். கட்டுனத எழுதணுமா வேணாமா?"

"எழுதுனா எங்க பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல என்ன பேரு வரும்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியும். பழனிப் பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெயர் வந்தது. அவள் சொன்னதில் உள்ள பயம் உண்மையானது என்பதால் அதைக் கேலியாகக் கடந்துபோக முடியாது. ஆனால் தலித் வரலாற்றை ஒற்றுமைக்காக ஒத்திவைக்கச் சொல்லும் குரலை நாம் இங்கே எத்தனை முறை கேட்டிருக்கிறோம். தேசத்தின் பேரால், இனத்தின் பேரால், வர்க்கத்தின் பேரால். ஒத்திவைத்ததைப் பிறகு யாரும் எடுத்ததில்லை. என் கட்சி அதுவே, இன்றும்.

பெரியப்பா இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பொங்கலன்றைக்கு இரவு தகரப் பெட்டியைத் திறந்து மடித்து மடித்துக் கிழிந்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அவருடைய அப்பா மண்டபம் முகாமில் பதிந்த சீட்டு. காலராவுக்குப் பயந்து எல்லோரையும் அடைத்துப் பரிசோதித்து அனுப்பிய முகாம். பெயர், தகப்பன் பெயர், சாதி, கிராமம், தாலுகா என்று கட்டங்கள். தாலுகா என்ற இடத்தில் பழனி. மற்றக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. 1949 சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டபோது இந்தச் சீட்டைக் காட்டித்தான் அவர் குடும்பம் அங்கே நின்றிருக்கிறது. கப்பலேறிய ஒரு பண்ணையாளின் பெயர் முழுதாக எழுதப்பட்ட காகிதம் எங்கள் வம்சத்தில் இது ஒன்றுதான்.

கம்பளை அருங்காட்சியகத்துக்கு இதைக் கொடுக்கலாம் என்றாள் அக்கா. கொடுக்கத்தான் வேண்டும். சாதிக் கட்டத்தை மடித்து, மிச்சத்தை மட்டும் கண்ணாடிக்குள் வைக்கச் சொல்லலாமா என்று அவளே கேட்டாள். மடித்தால் தாலுகாவும் சேர்ந்து மறைந்துவிடும். இரண்டும் அடுத்தடுத்த கட்டம். பெரியப்பா விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, எங்கே மடித்தால் எது மறைகிறது என்று காகிதத்தை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தார். பிறகு பழையபடியே நான்காக மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். கார்த்திகையில் அக்கா எழுதிய கடிதத்தில் அது இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது என்றும், பழனித் தாலுகா ஆபீசில் அந்தக் கிராமத்தின் பழைய கணக்கு ஏதாவது கிடைத்தால் நகல் எடுத்து அனுப்பு, இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்றும் இருந்தது.